கோழிக்கூட்டுல முட்டைப்பெட்டி: கோழி போற வழி ஒண்ணு, நம்ம கை போற வழி ஒண்ணு

எங்க மொத கூட்டைக் கட்டுனப்போ கோழி எங்க அடையும், தீனி எங்க வைக்கணும், நாய் வந்தா என்ன பண்றதுன்னு எல்லாத்தையும் யோசிச்சோம், முட்டையை யாரு எப்படி எடுக்கப் போறாங்கன்னு மட்டும் யோசிக்கவே இல்ல. கூட்டுக்குள்ள தூர மூலையில ரெண்டு பழப்பெட்டி வச்சிருந்தோம், வாசலோ ரெண்டடி உயரம், தினமும் காலைல யாராவது ஒருத்தர் முட்டி போட்டு எச்சத்து மேல தவழ்ந்து உள்ள போயி எடுத்துட்டு வரணும். மொத வாரம் பிள்ளைங்க போட்டி போட்டுக்கிட்டு போச்சுங்க, அப்புறம் ஒருத்தனையும் காணோம். கடைசியில அந்த வேலை எங்கம்மா தலையில விழுந்துச்சு, அவங்களுக்கு ஏற்கனவே மூட்டு வலி. ஒரு நாளைக்கு விட்டு ஒரு நாள் எடுக்க ஆரம்பிச்சாங்க, கெடந்த முட்டையை கோழியே கொத்திக் குடிச்சுப் பழகிருச்சு, ஒருதடவை பழகிட்டா அதை மாத்துறது பெரும்பாடு.

அதனால புதுசா வீட்டுப் பின்னாடி நாலு கோழி, பத்து கோழி வளர்க்கணும்னு கூடு கட்டப் போறவங்களுக்கு நான் சொல்றது, முட்டைப்பெட்டியில இருந்து ஆரம்பிங்க. தீனி, தண்ணி வைக்கிறதைத் தவிர கூட்டுல மத்த இடத்துக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை போனா போதும், இங்கதான் தினமும் கை போகுது. கோழிக்கு அது இருட்டா, ஒதுக்குப்புறமா, யாரும் பார்க்காத மாதிரி இருக்கணும், நமக்கு அது வெளியில நின்னபடியே எட்டுற மாதிரி இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே வாசல் வச்சா ஒண்ணு அதுக்கு கஷ்டம், இல்லாட்டி நமக்கு கஷ்டம். பெட்டிக்கு ரெண்டு வாசல் வச்சிருங்க, முன்னாடி கூட்டுக்குள்ள பார்த்து கோழிக்கு ஒண்ணு, பின்னாடி வெளிய பார்த்து நமக்கு ஒண்ணு.

மொதல்ல எத்தனை பெட்டி, எவ்வளவு பெருசு

நாலஞ்சு கோழிக்கு ஒரு பெட்டி போதும். எட்டுல இருந்து பன்னெண்டு கோழி வரைக்கும் மூணு அறை தாராளம். கோழிக்கு ஒண்ணுன்னு கட்டாதீங்க, எத்தனை கட்டுனாலும் எல்லாத்துக்கும் ஒரே அறைதான் பிடிக்கும், உள்ள ஒண்ணு உட்கார்ந்திருக்கும்போதே இன்னொண்ணு மேல ஏறி நெருக்கிக்கிட்டு உட்காரும், வெளிய ஒண்ணு வரிசையில நின்னு கத்தும், பக்கத்து அறை சும்மா கெடக்கும். அது அதுங்க பழக்கம், விட்டுருங்க.

ஒரு அறை உள் அளவு அகலம் 12 இன்ச், ஆழம் 12 இன்ச். சிறுவிடைங்கற சின்ன நாட்டுக்கோழிக்கு இது கொஞ்சம் தாராளமாவே இருக்கும், பெருவிடை, வனராஜா மாதிரி உடம்பு பெருத்த கோழின்னா 14 இன்ச் வைங்க. இதுக்கு மேல பெருசா வச்சா ரெண்டு கோழி உள்ள போயி சண்டை போடும், முட்டை மிதிபட்டு உடையும். உயரம் கோழி நின்னு திரும்புற அளவுக்கு இருக்கணும், கூட்டுப் பக்கம் 16 இன்ச், வெளிப்பக்கம் 12 இன்ச்னு வச்சா மேல் கூரை தானா வெளிய பார்த்து சரிஞ்சிரும், மழைத்தண்ணி வழிஞ்சு ஓடிரும்.

மூணு அறையையும் தனித்தனியா செய்ய வேண்டாம், பலகை கனத்தையும் சேர்த்து மூணடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்துல ஒரே பெட்டியா செஞ்சு நடுவுல ரெண்டு தடுப்புப் பலகை போட்டா முடிஞ்சது. 12 எம்எம் பிளைவுட் போதும், மரக்கடையில வெட்டியே வாங்கிக்கலாம். வேப்பமரப் பலகை, பழைய கதவுப் பலகை கெடந்தா இன்னும் நல்லது. தகரத்துலயே பெட்டி செய்யலாம்னு பட்டறைக்காரர் சொல்வாரு, சித்திரை வெயில்ல அதுக்குள்ள கையை வச்சுப் பார்த்தா தெரியும், கோழி எப்படி அரை மணி நேரம் உட்காரும்? வேணும்னா பலகைக் கூரைக்கு மேல தகரம் போட்டுக்கங்க.

பெட்டி எந்தப் பக்கம், எந்த உயரத்துல

பெட்டியை கூட்டுச் சுவருக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி மாட்டுங்க. கூட்டுக்குள்ள இடம் மிச்சம், பெட்டி மேல ஏறி கோழி அடையாது, நம்ம கை எட்டும், எல்லாம் ஒரே கல்லுல. மேற்குப் பக்கம் மட்டும் வேண்டாம், மத்தியான வெயில் பூரா அதுலதான் விழும். கிழக்கு, வடக்கு நல்லது, ஆனா ஐப்பசி கார்த்திகை மழை அங்கிட்டு இருந்துதான் அடிக்கும், அதனால கூரை பெட்டிக்குப் பின்னாடி நாலு இன்ச்சாவது நீட்டிக்கிட்டு இருக்கணும். பக்கத்துல ஒரு முருங்கையோ கொய்யாவோ இருந்தா அது நிழல் விழுற பக்கமா வச்சிருங்க, மத்த கணக்கெல்லாம் அப்புறம்.

உயரம்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். எங்க ரெண்டாவது கூடு தரையில இருந்து ரெண்டடி உயரத்துல கால் மேல நிக்குது, கூட்டுத் தரையில இருந்து எட்டு இன்ச் மேல முட்டைப்பெட்டியோட அடி வருது, ஆக வெளிய நிக்கிற ஆளுக்கு தரையில இருந்து ரெண்டடி எட்டு இன்ச். அம்மா குனியாம, எட்டாம, இடுப்பு உயரத்துல எடுக்குறாங்க. உங்க வீட்டுல யாரு எடுக்கப் போறாங்களோ அவங்களை நிக்க வச்சு கையை நீட்டச் சொல்லி அளந்துட்டு அப்புறம் ஆசாரிகிட்ட அளவு கொடுங்க.

உள்ளுக்குள்ள இன்னொரு உயரம் இருக்கு, அதை மறந்தா மத்தது எல்லாம் வீண். கோழி ராத்திரி எப்பவும் இருக்கிறதுலயே ஒசரமான இடத்துலதான் அடையும். அது அடையுற கம்பு முட்டைப்பெட்டியை விட குறைஞ்சது ஒரு அடி மேல இருக்கணும். கம்பு தாழ்வா இருந்து பெட்டி ஒசரமா இருந்துச்சுன்னா ராத்திரி பெட்டிக்குள்ள போயி படுத்துக்கிட்டு அங்கயே எச்சம் போடும், காலைல முட்டை அதுல புரண்டு கெடக்கும், அதைக் கழுவ வேண்டி வரும், கழுவுனா முட்டை ஓட்டு மேல இருக்கிற இயற்கையான பூச்சு போயிரும், சீக்கிரம் கெட்டுப் போகும். ஒரு சவுக்குக் கம்பை ஒரு அடி ஏத்திக் கட்டுனா இவ்வளவும் மிச்சம்.

கோழியோட வாசல்

இது சுலபம். கூட்டுச் சுவர்ல ஒவ்வொரு அறைக்கும் கோழி நுழையுற அளவுக்கு திறப்பு வெட்டுங்க, கீழ நாலு இன்ச் பலகை தடுப்பு விட்டுருங்க. அந்த நாலு இன்ச் இல்லைன்னா கோழி உள்ள போயி சீச்சதும் வைக்கோல் எல்லாம் வெளிய வந்துரும், முட்டை வெறும் பலகையில விழுந்து கீறல் விடும். திறப்புக்கு முன்னாடி ஒரு சாண் தள்ளி ஒரு கம்பு குறுக்க கட்டுங்க, கோழி அதுல வந்து நின்னு உள்ள எட்டிப் பார்த்து ரெண்டு மூணு தடவை மனசு மாறி அப்புறம்தான் போகும்.

திறப்புல பாதி உயரத்துக்கு சாக்கை நாடா நாடாவா கிழிச்சு தொங்க விடுங்க. உள்ள இருட்டா இருந்தாதான் கோழி நிம்மதியா உட்காரும், வெளிய இருக்கிற கோழிக்கு முட்டையும் கண்ணுல படாது, கொத்திக் குடிக்கிற பிரச்சனை பாதி இதுலயே போயிரும். புதுக் கோழிக்கு சாக்கைப் பார்த்தா பயமா இருக்கும், மொத ஒரு வாரம் ஒரு பக்கமா ஒதுக்கி ஆணியில மாட்டி வைங்க.

நம்ம வாசல், இங்கதான் நிதானமா யோசிக்கணும்

பொதுவா மூணு விதமா வைப்பாங்க. மேல் கூரையையே மூடி மாதிரி தூக்குறது, பின்பக்கத்துல கதவு மாதிரி பக்கவாட்டுல தொறக்குறது, பின்பக்கப் பலகை கீழ பார்த்து விழுந்து தொறக்குறது.

மேல் மூடி செய்ய ஈஸி, எல்லா ஆசாரியும் மொதல்ல இதைத்தான் சொல்வாங்க. நானும் ஒண்ணு செஞ்சு பார்த்தேன். கூரைக்கு நடுவுல கீல் வந்ததும் அந்த இடுக்கு வழியா மொத மழையிலயே தண்ணி உள்ள இறங்கிருச்சு, ரப்பர் ஒட்டுனேன், வெயில்ல அது காய்ஞ்சு வெடிச்சுருச்சு. ஒரு கையால மூடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால முட்டை எடுக்கணும், காத்து அடிச்சா மூடி மணிக்கட்டுல விழும், எனக்கு விழுந்திருக்கு. எல்லாத்துக்கும் மேல கோழி பயப்படுது. வானத்துல இருந்து பருந்து இறங்குற மாதிரி தலைக்கு மேல திடீர்னு வெளிச்சமும் கையும் வந்தா அது என்ன பண்ணும், கத்திக்கிட்டு அடிச்சுப் பிடிச்சு ஓடும், ஓடுறப்போ முட்டையை மிதிக்கும்.

பக்கவாட்டுக் கதவு பரவாயில்ல, ஆனா மூணடி நீளக் கதவு நாளாக நாளாகத் தொங்கி அடியில உரசும், தொறந்தா காத்துல ஆடும்.

நான் கடைசியா நிலைச்சு நின்னது கீழ விழுற பலகையில. செய்யுற விதம் இதுதான். பின்பக்கம் முழுசும் ஒரே பலகை, பெட்டி நீளத்துக்கு. அடிப்பக்கத்துல, பெட்டித் தரை மட்டத்துக்கு மூணு கீல். மேல ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு தாழ்ப்பாள். ரெண்டு ஓரத்துலயும் சின்ன சங்கிலி, பலகை தொறந்ததும் மேசை மாதிரி நேரா நிக்கிற அளவுக்கு நீளம் வைங்க. முட்டைத் தட்டை அது மேல வச்சுட்டு ரெண்டு கையாலயும் எடுக்கலாம். பலகையோட அடி விளிம்பு பெட்டித் தரைப் பலகைக்கு வெளிய, கொஞ்சம் கீழ வரைக்கும் இறங்கி மூடணும், அப்பதான் வழியுற தண்ணி உள்ள போகாம கீழ சொட்டும். மேல் இடுக்குக்கு பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டி கூரை விளிம்புல ஆணி அடிச்சுத் தொங்க விட்டுட்டோம், ரெண்டு மழைக்காலம் தாங்கிருச்சு.

இதுல நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பலகையைத் தொறந்தா உள்ள தடுப்பு எதுவும் இல்ல. வைக்கோலோட சேர்ந்து மூணு முட்டை உருண்டு வந்து என் கால் மேலயே உடைஞ்சுச்சு. அதனால உள்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் மூணு இன்ச் உயரத்துல ஒரு தடுப்புப் பட்டி வேணும். அதை ஆணி அடிச்சுராதீங்க, ரெண்டு பக்கமும் காடி, அதாவது நீளமா பள்ளம் எடுத்து மேல உருவுற மாதிரி வைங்க. சுத்தம் பண்ற அன்னைக்கு பட்டியை உருவிட்டு, அடியில ஒரு பக்கெட்டை வச்சு, பழைய வைக்கோலை கையால இழுத்தா மொத்தமா விழுந்துரும், கூட்டுக்குள்ள காலே வைக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பின்பக்கப் பலகைக்கு ஓட்டு போடுவேன்.

இன்னொரு லாபம் இருக்கு, எங்க வீட்டுல பார்த்த வரைக்கும் சொல்றேன், கோழி பெரும்பாலும் வாசலைப் பார்த்துதான் உட்காருது, அப்ப பின்னாடி இருந்து போற நம்ம கைக்கு அதோட வால் பக்கம்தான் வருது. மெதுவா அடியில கையை விட்டு எடுத்தா கொத்து விழுறது குறைவு.

பாம்பு, கீரி, மத்த விருந்தாளிகள்

கோழி இருந்தா தீனி இருக்கும், தீனி இருந்தா எலி வரும், எலி இருந்தா பாம்பு வரும். நல்லபாம்பு முட்டையை அப்படியே முழுங்கும், முழுங்கிட்டு நகர முடியாம வைக்கோலுக்குள்ளயே சுருண்டு கெடக்கும். ஊர்ல பெரியவங்க கோழிக் குடாப்புக்குள்ள கையை விடும்போது ஏன் ஒரு குச்சியால தட்டிட்டு விடுவாங்கன்னு சின்ன வயசுல புரியல. கை உள்ள போறதுக்கு முன்னாடி கண்ணு உள்ள போகணும். அதுக்கும் இந்த பின்பலகை நல்லது, ரெண்டு தாழ்ப்பாளையும் எடுத்துட்டு ஓரமா ஒதுங்கி நின்னு பலகையை ஒரு குச்சியால இறக்குனா மூணு அறையும் ஒரே பார்வையில தெரியும். விடியக்காலம் அரை இருட்டுல எடுக்கப் போகாதீங்க, போனா டார்ச் கட்டாயம். பாம்பைப் பார்த்தா அடிக்கவும் வேண்டாம் பிடிக்கவும் வேண்டாம், பலகையை அப்படியே விட்டுட்டு தள்ளி வந்து 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்புக்காரங்க வந்து பிடிச்சுட்டுப் போவாங்க.

பலகை மூடுனா இடுக்கு அரை இன்ச்சுக்குக் குறைவா இருக்கணும், உங்க சுண்டு விரல் நுழைஞ்சா குட்டிப் பாம்பும் நுழையும்னு வச்சுக்கங்க. கீரியும் மரநாயும் இடுக்கு கெடைச்சா நகத்தால நெம்பி விரிக்கும். கூட்டுல காத்துக்கு விடுற இடத்துல அறுகோணக் கண்ணு வச்ச கோழி வலையை மட்டும் நம்பாதீங்க, அது கோழியை உள்ள வைக்கத்தான் உதவும், வெளிய இருந்து வர்றதைத் தடுக்காது, நாய்கூட கிழிச்சுரும். அரை இன்ச் கண்ணு வச்ச வெல்டு மெஷ், அதாவது பத்த வச்ச கம்பி வலை வாங்குங்க, காசு கூடத்தான், ஒரே ராத்திரியில எட்டு கோழியை இழந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

தாழ்ப்பாள் கொக்கியை மேல தூக்குனா தொறக்குற மாதிரி வைக்காதீங்க. இழுத்து, திருப்பி, அப்புறம் தொறக்குற மாதிரி ரெண்டு வேலை இருக்கணும். அழகர்கோவில் பக்கம் மாதிரி குரங்கு நடமாட்டம் இருக்கிற இடத்துல அதுவும் பத்தாது, சின்னப் பூட்டு போட்டுருங்க. ரெண்டு கால் குரங்குக்கும் அந்தப் பூட்டு ஆகும்.

உள்ள என்ன போடுறது

வைக்கோலை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி மூணு இன்ச் கனத்துக்கு போடுங்க. உமி போடலாம், ஆனா சீச்சு சீச்சு ஓரத்துக்குத் தள்ளிரும். மரத்தூள் ரொம்ப நைஸா இருந்தா தூசி. வைக்கோலுக்கு அடியில கொஞ்சம் அடுப்புச் சாம்பலும், நொச்சி இல்லைன்னா வேப்பிலையும் போடுறது எங்க பக்கத்துப் பழக்கம், கோழி மேல ஊர்ற செல்லுங்கற பொடிப்பூச்சி கட்டுப்படும். பெட்டியோட மூலை முடுக்குக்கெல்லாம் வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடிச்சுருங்க, செல்லு ஒளியுறதே பலகை இடுக்குலதான். எடுத்துட்டு வந்ததும் கையில ஏதோ ஊருதுன்னு தோணுச்சுன்னா அன்னைக்கே வைக்கோலை மாத்தி பழசை எரிச்சுருங்க.

முட்டை தானா உருண்டு வெளிய ஒரு தட்டுல வந்து விழுற மாதிரி சரிவா பெட்டி செய்யலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. செய்யலாம், ஒரு அடிக்கு ஒண்ணரை இன்ச் சரிவு விட்டு மேட் போட்டா உருளும். முட்டைக்காக மட்டும் வளர்க்குறவங்களுக்கு அது சரி. நாட்டுக்கோழி வளர்த்து குஞ்சு எடுக்கணும்னா வேண்டாம், அது முட்டையைச் சேர்த்து வச்சுத்தான் அடைக்கு உட்காரும், போட்ட முட்டை காணாமப் போயிக்கிட்டே இருந்தா வேற இடம் தேடி விறகு அடுக்குக்குப் பின்னாடி போயிரும்.

கோழியை பழக்குறது

கூடு கட்டி முடிச்சதும் கோழி தானா பெட்டிக்குள்ள போயி முட்டை போடும்னு நினைக்காதீங்க. நாட்டுக்கோழி பொதுவா ஆறு மாசத்துல முட்டைக்கு வரும், கலப்பின ரகம் அதுக்கு முன்னாடியே வரும். கொண்டை சிவந்து, மூலை மூலையா எட்டிப் பார்த்து ஒரு மாதிரி இழுத்துக் கத்த ஆரம்பிச்சா நாள் நெருங்கிருச்சு. அப்ப ஒவ்வொரு அறையிலயும் ஒரு பிங்பாங் பந்தோ, முட்டை அளவு வெள்ளைக் கூழாங்கல்லோ வைங்க, இங்க ஏற்கனவே ஒருத்தி போட்டிருக்கா, பத்திரமான இடம்தான்னு அதுக்குப் புரியும். எங்க ஆச்சி எல்லா முட்டையையும் எடுக்க மாட்டாங்க, ஒண்ணை விட்டுட்டுத்தான் எடுப்பாங்க, காரணம் இதுதான். விட்டு வைக்கிற முட்டையில கரியால ஒரு கோடு போட்டு வைங்க, இல்லாட்டி எது இன்னைக்குப் போட்டது எது போன வாரத்துதுன்னு குழம்பிரும்.

மொத பத்து நாளைக்கு காலைல பத்து, பதினொரு மணி வரைக்கும் கூட்டைத் தொறந்து விடாதீங்க. பெரும்பாலான கோழி அதுக்குள்ள போட்டுரும், போட்ட இடம் பழகிட்டா அப்புறம் தோட்டத்துல மேயுறப்போ கூட நேரம் வந்ததும் ஓடி வந்து பெட்டியிலதான் போடும். தினமும் ஒரே நேரத்துக்குப் போடாது, ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்கு கொஞ்சம் கூடவே ஆகும், அதனால ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போயி ஒரு நாள் போடாமலே விட்டு மறுபடி காலைல இருந்து ஆரம்பிக்கும். காணோமேன்னு அடிக்கடி பலகையைத் தொறந்து பார்த்து தொந்தரவு பண்ணாதீங்க. பதினொரு மணிக்கு ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, போதும்.

ஒருத்தி அடைக்கு உட்கார்ந்துட்டா அந்த அறை அவளுக்கே சொந்தம் ஆயிரும், பக்கத்துல போனாலே உடம்பைச் சிலுப்பிக்கிட்டு உறுமுவா. முட்டைப்பெட்டியிலயே அடை வைக்காதீங்க, மத்த கோழியும் அது மேலயே ஏறிப் போயி முட்டை போட்டுட்டு வரும், எது என்னைக்கு வச்சதுன்னே தெரியாது, 21 நாள்ல பொரிக்க வேண்டியது பாதி பொரிச்சும் பாதி பொரிக்காமலும் கெடக்கும். ஒரு கூடையில மணலும் வைக்கோலும் போட்டு முட்டை அடுக்கி, ராத்திரி இருட்டுனதுக்கு அப்புறம் பின்பலகை வழியா அவளை அலுங்காம தூக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள ஒதுக்குப்புறமா உட்கார வச்சுருங்க. அம்மா அந்தக் கூடையில ஒரு துண்டு இரும்பும், கரித்துண்டும், காஞ்ச மிளகாயும் போடுவாங்க, இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆகாம இருக்கவாம். இடிக்கும் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்குறதை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு.

பெட்டி செய்ய வசதி இல்லைன்னா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் மூணு போதும், நல்லா கழுவி காய வச்சு படுக்க வச்சு, மூடியை பாதியா வெட்டி கீழ்ப்பாதியை வாயில மாட்டுனா அதுவே தடுப்பு. பக்கெட்டோட வாய் கூட்டுக்குள்ள பார்க்குற மாதிரி சுவர்ல பொருத்துங்க, அடிப்பக்கத்தை வட்டமா வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பலகைக் கதவை கீல் வச்சு மாட்டிக்கங்க, கீழ மட்டும் ரெண்டு இன்ச் விளிம்பை வெட்டாம விட்டுருங்க, அதை எடுத்துட்டா முட்டை உங்க கால்லயும் வந்து விழும்.